சுவரோரக் கல்லுக்கு இட்ட குறி

என்னிடம் இருந்த தமிழ் டைப்ரைட்டரில் சதுர அடைப்புக்குறி கிடையாது. அந்த இடத்தில் கொஞ்சம் இடைவெளி விட்டு அடித்துவிட்டு, பேப்பரை உருவி எடுத்த பிறகு பேனாவால் ஒவ்வொன்றாக வரைய வேண்டும். வரைந்து வரைந்து அந்தக் குறியைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வந்தது. ஒரு நாள் சாரிடம் கேட்டே விட்டேன். "செத்தவங்க கல்லுல இருக்கிறத அப்படியே எழுதிட்டுப் போகாம, இதென்ன சார் கோழி கிளறுன மாதிரி குறி?"

"அப்படியே எழுதுறதுக்குத்தாம்மா குறி" என்றார் அவர்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் சிம்மக்கல் பக்கம் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பங்குக் கோயிலுக்கு நூறு வருஷம் நிறைகிறது என்று மலர் போட்டார்கள். கல்லறைத் தோட்டத்தில் இருக்கிற கல்லெல்லாம் சிதைந்துகொண்டு வருகிறது, ஒவ்வொன்றிலும் என்ன எழுதியிருக்கிறது என்பதை மலரில் சேர்த்துவிட வேண்டும் என்று அப்போதிருந்த பங்குச் சாமியாருக்கு ஆசை. அந்த வேலைக்கு அவர் பிடித்துக்கொண்டு வந்தவர்தான் சார். கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், பசுமலையில் வீடு. எங்களைப் போல வேதக்காரர் இல்லை. வீட்டுக்குள் சௌராஷ்டிரம் பேசுகிற குடும்பம். வாழ்நாள் பூராவும் கோயில் கல்வெட்டுகளைப் படித்த மனுஷன், எங்கள் கல்லறைகளையும் அதே மரியாதையோடு படித்தார். அவர் கையால் எழுதிக் கொடுப்பதை டைப் அடிப்பது என் வேலை.

எங்கள் கல்லறைக் கல்லைப் படிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தால் ஒவ்வொரு குடும்பமும் சுண்ணாம்பு வாளியோடு போய்விடும். புல்லைப் பிடுங்கி, கல்லைக் கழுவி, வெள்ளை அடித்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவோம். வருஷா வருஷம் அடிக்கிற சுண்ணாம்பு எழுத்துப் பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்து இறுகிவிடும். அதிகப் பாசமுள்ள குடும்பத்துக் கல்லைத்தான் வாசிக்கவே முடியாது. கேட்பாரற்றுக் கிடந்த கல்லெல்லாம் பளிச்சென்று இருந்தது. சார் ஒரு மூங்கில் சிலாம்பு, ஒரு சொம்புத் தண்ணீர், முகம் பார்க்கிற சின்னக் கண்ணாடி, இவ்வளவையும் தோள்பையில் போட்டுக்கொண்டு போவார். கல்லை நனைத்து, சிலாம்பால் மெல்லச் சுரண்டி, கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் அடித்துப் பார்ப்பார். சாய்ந்த வெளிச்சத்தில் எழுத்து நிழல் கட்டும் என்பார்.

குறிகளையும் அவர்தான் எனக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். கல்லில் முன்பு இருந்து சிதைந்துபோன எழுத்தை நாம் யோசித்து நிரப்பினால் அது சதுர அடைப்புக்குள் வர வேண்டும். 'சமாதா[னத்தில்] இளைப்பா[று]கிறார்' என்று நான் வரைந்தால், அடைப்புக்கு வெளியே இருப்பது கல் சொன்னது, உள்ளே இருப்பது சார் சொன்னது. இன்ன எழுத்து என்று நிரப்ப வழியில்லை என்றால் சதுர அடைப்புக்குள் வெறும் புள்ளிகள். சுருக்கி வெட்டியதை விரித்து எழுதினால் வளைந்த அடைப்பு. கடைசியாக ஒன்று உண்டு. 'வெ.' என்று போட்டால் வெற்றிடம். அங்கே எழுத்து அழியவில்லை, வெட்டவே இல்லை. "காணாமப் போனதும் இல்லாமலே இருந்ததும் ஒண்ணு இல்லைம்மா. வாசிக்கிறவனை நாம ஏமாத்தக் கூடாது" என்றார் சார்.

இந்தப் பாடத்தை என்னைவிட அம்மாதான் நன்றாகப் படித்தாள். டைப் அடித்ததைச் சரிபார்க்க இரண்டு பேர் வேண்டும், ஒருத்தர் கையெழுத்துப் பிரதியை உரக்க வாசிக்க, மற்றவர் டைப் அடித்ததைப் பார்த்துக்கொண்டு வர. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சமையலும் ஆன பிறகு அம்மா தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். பூசைப் புத்தகம் வாசிக்கிற அதே ராகத்தில், "சதுர அடைப்பு, புள்ளி, புள்ளி, அடைப்பு முடிஞ்சது" என்று வாசிப்பாள். எனக்குச் சிரிப்பு வரும். அவளுக்கு வராது. அவள் ஒரே ஒரு பக்கத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். கிழக்குச் சுவர் ஓரத்தில் எங்கள் கல் ஒன்று இருந்தது.

அது என் அக்காவின் கல். எனக்கு முன்னால் பிறந்தவள். பிறந்து பத்துப் பன்னிரண்டு நாள்தான் இருந்தாள். பால் குடித்துவிட்டுத் தூங்கினவள் எழுந்திருக்கவில்லை. வால்பாறை எஸ்டேட்டில் வேலை பார்த்த என் தாய்மாமன் கார்டு போட்டு வைத்த பேர் அவளுக்கு. அந்தப் பேரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அம்மா பிள்ளை பெற்ற உடம்பு, அடக்கத்துக்குப் போகவில்லை. அப்பாதான் தூக்கிக்கொண்டு போய் அடக்கம் பண்ணி, கல்லும் வைத்தார். பேர் வெட்டி, அதற்குக் கீழே 'இயேசுவின் மடியில்' என்றும் வெட்டியிருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னார். அடுத்த கல்லறைத் திருநாளுக்கு அம்மா முதல் தடவையாகப் போய்ப் பார்த்தபோது கல் முழுக்க வெள்ளையாக இருந்தது. மட்டமான கல்லு, எழுத்து பொரிஞ்சு போச்சு, சுண்ணாம்பு வேற அடைச்சுக்கிருச்சு என்றார் அப்பா. எனக்கு நினைவு தெரிந்த நாளாக அம்மா அந்தக் கல்லின் நடுவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "இங்கதான இருக்கு?" என்று கேட்பாள். "இங்கதான்" என்பார் அப்பா.

சார் கண்ணாடி வைத்து எழுத்தைக் கண்டுபிடிக்கிறார் என்று கேள்விப்பட்டதில் இருந்து அம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "நம்ம கல்லையும் பாப்பாருல்ல? நல்லா ஊற வச்சுச் சுரண்டச் சொல்லு. அவ பேர ஒரு தடவ என் கண்ணால பாத்துட்டாப் போதும்" என்று தினமும் பாட்டுப் பாடுவாள். ஒரு தடவை அச்சு முறுக்கு சுட்டு டப்பாவில் போட்டு அவருக்குக் கொடுத்தனுப்பினாள். அப்பா அதைப் பார்த்துக்கொண்டே மில்லுக்குக் கிளம்பினார்.

சுவரோரப் பகுதியை சார் எழுதிக் கொடுத்த அன்று, இன்ஸ்டிடியூட்டிலேயே நின்றுகொண்டு தேடினேன். இருந்தது. 'சிறு கல். மேலே சிலுவை. கீழே வெ.'

எனக்குக் கோபம் வந்தால் முன்பின் தெரியாது. அப்படியே பஸ் ஏறிப் பசுமலைக்குப் போய், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சத்தம் போட்டேன். "சார், தப்பாப் போட்டிருக்கீங்க. இது எங்க கல்லு. எழுத்து அழிஞ்சு போன கல்லு. அடைப்புக்குள்ள புள்ளி வைக்கணும். வெ.ன்னு எப்படிப் போடுவீங்க?"

அவர் கோபப்படவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, "வாம்மா, போய்ப் பாத்துரலாம்" என்றார்.

கல்லறைத் தோட்டத்தில் அந்த நேரத்துக்கு யாரும் இல்லை. வெயில் சாய்ந்திருந்தது. சார் தண்ணீர் விட்டு ஊறவைத்தார். சுண்ணாம்பு பூண்டுத் தோல் மாதிரி பொருக்குப் பொருக்காக வந்தது. அடியில் கல் வந்தது. கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தார். "இந்தக் கோடெல்லாம் தெரியுதா? கல்லைச் செதுக்கிச் சமன் பண்ணும்போது உளி போன தடம். இந்தக் கரையிலேர்ந்து அந்தக் கரை வரைக்கும் அறுபடாமப் போகுது பாரும்மா. இது மேல எழுத்து வெட்டியிருந்தா, அது எம்புட்டுத் தேஞ்சிருந்தாலும் கோடு நடுவுல அறுந்திருக்கணும். மேல சிலுவையத் தொட்டுப் பாரு, பள்ளம் இன்னும் கூராத்தான் இருக்கு. அது தேயாம, பேர் மட்டும் எப்படித் தேயும்?"

தொட்டுப் பார்த்தேன். அம்மா வருஷா வருஷம் கை வைக்கிற இடம். ஒன்றுமே இல்லை. அட ஆண்டவனே, ஒரு புள்ளி இல்லை, ஒரு கோடு இல்லை. எனக்கு அழுகைகூட வரவில்லை, அப்பாவைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

மறுநாள் ஷிப்டு முடிகிற நேரத்துக்கு மில் வாசலில் போய் நின்றேன். சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தவர் என்னைப் பார்த்ததும், "என்ன தாயி, வீட்டுல எதுவும்…" என்று பதறினார். "கல்லுல ஏன் எழுத்தே இல்லை?" என்று நடுரோட்டிலேயே கேட்டேன். கூட வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா சைக்கிளை ஓரமாக நிறுத்தி ஸ்டாண்டு போட்டார். ரொம்ப நேரம் ஹேண்டில் பாரையே தடவிக்கொண்டிருந்தார்.

"ஞானஸ்நானம் வாங்காத பிள்ளை தாயி அது. உங்கம்மா, எங்கண்ணன் வரட்டும், தாய்மாமன்தான் ஞானத்தகப்பனா நிக்கணும்னா. நானும் சரின்னேன். அவருக்கு எஸ்டேட்டுல லீவு கெடைக்கல. இன்னைக்கு வாராரு, நாளைக்கு வாராருன்னு இருந்தோம். அதுக்குள்ள இப்படி ஆயிப்போச்சு. அவசரம்னு தெரிஞ்சா நாங்களே தண்ணி ஊத்தியிருப்போம், தூங்குற பிள்ளை போயிருச்சே. குழி வெட்டுற எடத்துல கோயில் உபதேசியார் வந்து நிக்கிறாரு. தண்ணி ஊத்தாத பிள்ளைக்கு மந்திரிச்ச மண்ணுல எடம் இல்ல, செவரோரமா வச்சுக்கங்குறாரு. கல்லு வேணும்னா வச்சுக்க, சிலுவை போட்டுக்க, பேரு வெட்டக் கூடாதுங்குறாரு. நான் என்ன செய்ய? கையில பிள்ளைய வச்சுக்கிட்டு யாருகூடச் சண்டை போட?"

நான் சைக்கிள் கேரியரைப் பிடித்துக்கொண்டேன்.

"பிள்ளை போனதே அவளுக்கு அம்புட்டு வேதனை. அண்ணன் வரட்டும்னு காக்க வச்சதுனாலதான் பேரும் போச்சுன்னு தெரிஞ்சா அவ என்னத்துக்கு ஆவா? அதான் வெட்டியிருக்குன்னு சொல்லிட்டேன். அவ பாக்க வர்றதுக்கு முன்னாடி நாலு தடவ வெள்ளை அடிச்சு வச்சேன்." அப்பா தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "புஸ்தகம் வந்தா அவ அதத்தான் மொதல்ல பாப்பா. உங்க சார்கிட்டச் சொல்லி அந்தக் குறிய மாத்திப் போடச் சொல்லு தாயி. புள்ளி வச்சுட்டாப் போதும். ஒங்காலுல வேணும்னாலும் விழுறேன்."

பெற்ற தகப்பன் அப்படிச் சொன்னால் யாரால் தாங்க முடியும்? மறுபடியும் பசுமலைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"கல்லுல பேர் இருந்ததா?"

"இல்லை சார்."

"குழந்தைக்குப் பேர் இருந்ததா?"

"இருந்துச்சு சார். வீட்டுல அந்தப் பேர் சொல்லித்தான் தாலாட்டியிருக்காங்க."

"அதுக்குக் குறி இல்லையேம்மா" என்றார். பிறகு தயங்கித் தயங்கி, "புள்ளி வச்சா அது பொய். அது என்னால ஆகாது. வேணும்னா அந்தக் கல்லை மட்டும் சேர்க்காம விட்டுடட்டுமா?" என்றார்.

நல்ல மனசோடுதான் கேட்டார். எனக்குத்தான் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "பேரையும் குடுக்க மாட்டேன்னாங்க, இப்பக் கல்லையும் எடுத்துட்டா அவளுக்கு என்னதான் சார் மிச்சம்?" என்று கத்தினேன். உள்ளே இருந்து அவர் வீட்டம்மா எட்டிப் பார்த்து அவர்கள் மொழியில் என்னமோ கேட்டார். சார் ஒரு வார்த்தையில் பதில் சொன்னார். அந்த அம்மா எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு என் முதுகைத் தடவினார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. குறி அப்படியே இருக்கட்டும் சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அப்பாவிடம், நீங்களே சொல்லிருங்க, அம்மா அச்சுல பாத்துத் தெரிஞ்சுக்கக் கூடாது என்றேன். தலையை ஆட்டினார். சொல்லுகிறேன் சொல்லுகிறேன் என்று இரண்டு வாரம் ஓடிற்று. பிரஸ்ஸில் இருந்து ஆள் விட ஆரம்பித்துவிட்டார்கள். நான் சுவரோரப் பக்கத்தைத் தனியாக எடுத்து பீரோ மேல் வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு ஊசியைக்கூட ஒளிக்க முடியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளே அதை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "இத ஏன் தனியா வச்ச? இதத்தான எம்புட்டு நாளாக் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, நான் பிடுங்குவதற்குள் வாசிக்கத் தொடங்கிவிட்டாள்.

அப்பா வாசலில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அம்மா ராகம் மாறாமல் வாசித்தாள். "சிறு கல். மேலே சிலுவை. கீழே வெ." அடுத்த கல்லுக்குப் போனாள். பாதியில் நின்றாள். திரும்ப மேலே வந்தாள்.

"இது நம்ம கல்லுல்ல?"

நான் தாளை வாங்கக் கை நீட்டினேன்.

"வெ.ன்னா வெட்டவே இல்லைன்னுதான? அப்ப அழிஞ்சு போகல." தாளை மடியில் வைத்தாள். "என்னங்க, இங்க வாங்க" என்று கூப்பிட்டாள்.

அப்பா எண்ணெய்க் கையோடு வந்து நிலைப்படியில் உட்கார்ந்து, மில் வாசலில் என்னிடம் சொன்னதை எல்லாம் சொன்னார். அண்ணனைப் பற்றிய இடத்தை மட்டும் விழுங்கப் பார்த்தார். அம்மா அந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"எங்கண்ணன் வரட்டும்னு நாந்தானங்க சொன்னேன்."

"நானுந்தான் சரின்னேன்."

"இல்ல, நாந்தான் சொன்னேன். நீங்க வர்ற ஞாயித்துக்கெழமையே ஊத்திருவோம்னீங்க. நாந்தான் பிடிவாதம் பிடிச்சேன்."

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். இதை அவர் என்னிடம்கூடச் சொல்லவில்லை. அம்மா சத்தம் போட்டு அழவில்லை. "ஒண்ணுமில்லாத எடத்துல கைய வச்சுக்கிட்டு நின்னேனே, வருஷா வருஷம் நின்னேனே" என்று சின்னக் குரலில் சொல்லிக்கொண்டே இருந்தாள். என் வாழ்க்கையில் அந்த மத்தியானத்தைப் போல ஒன்றை நான் பார்த்ததில்லை, பார்க்கவும் வேண்டாம். இரண்டு பேருக்கும் நடுவில் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இப்ப இருக்கிற சாமியார் நல்லவர், கேட்டா இன்னைக்கே பேர் வெட்டச் சம்மதிப்பார் என்று ஏதோ உளறினேன். அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னைக்கு வேணாம்னாங்கல்ல. இனிமே யாருகிட்டயும் போய்க் கேக்க வேணாம்."

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. சாப்பாடு குறைந்துபோனது. மலர் அச்சாகி, கல்லறைத் திருநாளுக்கு இரண்டு நாள் முந்திக் கோயிலில் கொடுத்தார்கள். எங்கள் வீட்டுக்கும் ஒன்று வந்தது. திருநாளுக்கு மாமாவும் வந்திருந்தார். எஸ்டேட்டில் இருந்து ஓய்வு பெற்று, கண்பார்வை மங்கியிருந்த நேரம் அது. பிள்ளைக்கு ஞானஸ்நானச் சட்டை வாங்கிக்கொண்டு அவர் பஸ்ஸை விட்டு இறங்கினபோது அடக்கம் முடிந்திருந்ததாம். அந்தச் சட்டையைத்தான் பிறகு எனக்குப் போட்டார்கள். ஒரு நாள் முந்தி வந்திருந்தா முகத்தையாவது பாத்திருப்பேன் என்று ஒவ்வொரு வருஷமும் சொல்லுவார். கல்லில் பேரே வெட்டவில்லை என்பது அவருக்குத் தெரியாது.

காப்பி குடித்துவிட்டு மலரை எடுத்துப் புரட்டினார். குறிகளுக்கு விளக்கம் போட்டிருந்த முன் பக்கத்தை எல்லாம் படிக்கிற ஆள் இல்லை அவர். நேராகக் கல்லறைப் பகுதிக்குப் போய், விரலால் வரி பிடித்துத் தேடி, சுவரோரத்துக்கு வந்துவிட்டார்.

"தங்கச்சி, நம்ம கல்லு இதுதான? வெ.ன்னு போட்டிருக்கே, என்னது?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"எழுத்து அழிஞ்சு போச்சுன்னு அர்த்தம்ணே" என்றாள்.

"கண்ணாடி வச்சுப் பாத்தும் தெரியலையாக்கும்."

"தெரியலையாம்."

மாமா அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் கல்லப் பாக்க வர்றதுக்குள்ள மாப்ள சுண்ணாம்ப அப்பி வச்சுட்டாரு. கேக்கவும் மனசு வரல. பேரு நான் வச்சதுல்ல, அதான். நல்லா வெட்டியிருந்தாங்களா தங்கச்சி? நீ பாத்தியா?"

"பாத்தேன்ணே" என்றாள் அம்மா. "நல்ல பெரிய எழுத்தா இருந்துச்சு."